இடது பின்சில்லு

பிக்கப் வந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பிறகு. நோர்வேயின் குரோருட்டில் அதற்குள்ளேயே வெளிச்சம் கரையத் தொடங்கியிருந்தது. நவம்பர் அப்படித்தான்.

சேந்தன் கராஜ் கதவை மேலே தள்ளிவிட்டு நின்றான். முற்றம் தெருவிலிருந்து கராஜை நோக்கிச் சரிவு. இறங்குவது சுகம். ஏறுவது பாடு. பனி உறைந்த நாட்களில் ஆள் பிடித்து வண்டிகளை மேலே தள்ளியிருக்கிறான்.

பிக்கப் அந்தச் சரிவில் மெதுவாக இறங்கியது. பழைய ஜப்பான் வண்டி. வெள்ளை. கதவுகளின் கீழ்விளிம்பை வீதி உப்பு தின்றிருந்தது. முன் கண்ணாடியில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஓட்டிவந்தவன் சுரேன், சேந்தனின் தம்பி. கதவடியில் பிறேக் பிடித்தான்.

வண்டி உடம்பெல்லாம் நடுங்கி நின்றது.

"பாத்தியே அண்ணை? இதுதான் கதை."

"எப்ப துவங்கினது?"

"நேற்று. கோயிலாலை வரேக்கை."

"வாங்கிக்கொண்டு வரேக்கை?"

"அப்ப பட்டு மாதிரி. ஹாடெலாந்திலை இருந்து இஞ்சை மட்டும் ஒரு சத்தமில்லை. சாமி கும்பிட்டாப் பிறகுதான் சனி பிடிச்சது."

சுரேன் சிரித்தான். வீடு மாறுபவர்களுக்குச் சாமான் ஏற்றும் வேலையைத் தனியாகத் தொடங்கப்போகிறான். அதற்கு வாங்கிய வண்டி. மனைவி துஷ்யாவுக்கு ஏழாம் மாதம். பிறக்கிற பிள்ளை அப்பாவை வேறொருவனின் வேலைக்காரனாகப் பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"துஷ்யா ரயிலாலை இறங்கி நேரை இஞ்சை வாறாள். இதிலை ஏத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போகோணும். கெதியாப் பார்."

"நான் சொல்லும்மட்டும் அவளை இதிலை ஏத்தாதை."

"சரி, டாக்குத்தர்."

இருவரும் ஏறினார்கள். சேந்தன் ஓட்டினான். ஸ்டோவ்னர் வரை ஏறித் திரும்பி, ட்ரொண்ட்ஹைம்ஸ்வையன் வீதியின் நீண்ட இறக்கத்தில் விட்டான். விளக்குகள் எரிந்தன. ஈரத் தாரில் பனிக்கால டயர்களின் ஆணிகள் கிறுகிறுத்தன.

பிறேக்கை மெல்ல அழுத்தினான்.

ஸ்டீயரிங் கையில் அசையவில்லை. ஆகவே முன் பிறேக் டிஸ்க்குகள் அல்ல. நடுக்கம் இருக்கைக்கு அடியால் வந்தது. பெடலிலும் வந்தது. பெடல் அவன் உள்ளங்காலை மேலே தள்ளியது, விட்டது, தள்ளியது. காலை எடுத்தான். நடுக்கம் போய்விட்டது. ஹாண்ட் பிறேக்கின் பொத்தானை அமத்திக்கொண்டு மெல்ல இழுத்தான். அது பின்சில்லுகளை மட்டும் பிடிக்கும்.

நடுக்கம் திரும்பி வந்தது.

"பின் பிறேக் ட்ரம்," என்றான். "வட்டம் கெட்டிருக்கும்."

"அவ்வளவுதானே?"

சேந்தன் மீண்டும் பெடலில் காலை வைத்தான். காலால் கேட்டுக்கொண்டிருந்தான்.

வட்டம் கெட்ட ட்ரம் சில்லோடு சேர்ந்து அடிக்கும். சில்லு விரைந்தால் விரையும். தளர்ந்தால் தளரும். இதற்கு மாறாக அவன் எந்த வண்டியிலும் கண்டதில்லை. இப்போது வண்டி தளர்ந்துகொண்டிருந்தது. அடி விரைந்துகொண்டிருந்தது.

பஸ் தரிப்பிடத்தில் ஓரங்கட்டினான். கடைசி ஒரு முழம். பெடலுக்குக் கீழே அந்த அடி படபடவென்று ஓடியது.

வண்டி நின்றது.

அது நிற்கவில்லை.

"நீயென்ன, காலாலை நாடி பிடிக்கிறியே?" என்றான் சுரேன்.

"சீற்றிலை கையை வைச்சுப் பார்."

சுரேன் வைத்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"எஞ்சினாக்கும்."

"எஞ்சினை நிப்பாட்டிட்டன்."

கண்ணாடிக்கு வெளியே ஒரு பஸ் கடந்துபோனது. இருக்கைக்கு அடியில், இடது பக்கம், பின்னால், ஏதோ ஒன்று மூச்சு வாங்குவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஓய்ந்தது. படிப்படியாக அல்ல. ஒரே வெட்டாக.

திரும்பும் வழியில் சேந்தன் கேட்டான்.

"கோயிலிலை என்ன செய்தனீ?"

"எல்லாரும் செய்யிறதுதான். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சு ஏத்தினது."

"பிறகு?"

"மூண்டு நசிஞ்சுது. இடது பின்சில்லிலை வைச்சது நசியேல்லை. சில்லு ஏறி இறங்கினது, பழம் அப்பிடியே கிடக்கு. சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்குது. எனக்கு வெக்கமாப் போச்சு. பின்னுக்கு எடுத்து இன்னொருக்கா ஏத்தினன்."

"பின்னுக்கு எடுத்தனியோ?"

"ஓம். முன்னுக்கும் பின்னுக்குமா நாலைஞ்சு தரம். ஐயர் கத்தினவர், தம்பி முன்னுக்கு மட்டும் போ, திரும்பி வராதை எண்டு. அதுக்கிடையிலை சளக்கெண்டு நசிஞ்சிட்டுது."

சேந்தன் வீதியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். புது வண்டி எலுமிச்சையின் மேல் ஏறும். ஏறிவிட்டுப் போய்விடும். நசுக்கியதைத் திரும்பிப் பார்க்காமல் போவதுதான் சடங்கு. திரும்பி வந்து மறுபடி மறுபடி ஏற்றிய ஒருவனைப் பற்றி அவன் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

கராஜில் வண்டியை முகம் உள்ளே பார்க்க ஏற்றினான். லிப்ட்டின் நான்கு கைகளையும் அடிச்சட்டத்துக்குக் கீழே வைத்துத் தூக்கினான். நெஞ்சுயரத்துக்குச் சில்லுகள் வந்தன. இடது பின்சில்லைக் கழற்றினான். டயரின் தவாளிப்பில் காய்ந்த விதைகள் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த சதை சிவப்பாக இருந்தது.

"குங்குமம்," என்றான் சுரேன்.

"தேசிக்காய்க்குக் குங்குமம் பூசினனியே?"

"இல்லை."

சேந்தன் டயல் கேஜைப் பொருத்தினான். அதன் நுனி ட்ரம்மைத் தொட்டது. ஹாண்ட் பிறேக்கைத் தளர்த்திவிட்டு ட்ரம்மைக் கையால் சுழற்றினான். வட்டம் கெட்டிருந்தால் முள் ஆடும்.

முள் ஆடவில்லை. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. தலைமயிர் அகலம்கூட விலகவில்லை. புதிய ட்ரம்மில்கூட இவ்வளவு சுத்தமான வட்டம் இருக்காது.

ட்ரம்மை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தான்.

முள் ஆடியது.

ட்ரம் சுழலவில்லை. யாரும் அதைத் தொடவில்லை. முள் வலப்பக்கம் துள்ளியது, விழுந்தது, துள்ளியது.

"அண்ணை."

"சத்தம் போடாதை."

"அண்ணை, உள்ளுக்கு ஏதோ உயிரோடை இருக்கு."

சேந்தன் சுத்தியலால் ட்ரம்மின் விளிம்பில் தட்டினான். முள் நின்றது. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் நின்றது. இரண்டு கையாலும் ட்ரம்மை இழுத்தான்.

முதலில் வாசனை வந்தது. பிறேக் தூளின் கருகல் அல்ல. நசிந்த எலுமிச்சையும், ஆட்டிறைச்சிக் கடையின் தரையும்.

அச்சைச் சுற்றி மயிர் சுற்றியிருந்தது. பழுப்பு நிறம். நீளம். பின்னலாகவே இழுபட்டு, கயிறுபோல் இறுகியிருந்தது. பின்னலின் முனையில் பச்சை ரப்பர் வளையம். மறுமுனையில் ஒரு துண்டுத் தோல்.

ஈரமாக இருந்தது.

ட்ரம் மூடிய சட்டி மாதிரி. வெளியிலிருந்து இவ்வளவு நீளமாக எதுவும் உள்ளே போக வழியில்லை.

"விற்றவன் என்ன சொன்னவன்?"

"எல்க் மானிலை மோதினதெண்டு. மூண்டு வருசத்துக்கு முன்னம்." சுரேனின் குரல் மெலிந்திருந்தது. "எல்க் மயிராக்கும், அண்ணை. பெரிய மிருகமெல்லே."

சேந்தன் பச்சை வளையத்தைக் காட்டினான். சுரேன் முகத்தைத் திருப்பினான்.

"அவன்ரை வீட்டிலை ஆர் இருந்தது?"

"தனிய. மனுசி கரோலினாவாம், போலந்துக்குத் திரும்பிப் போட்டாவாம். நான் கேக்காமலே சொன்னவன். ரெண்டு தரம் சொன்னவன்."

சேந்தன் ட்ரம்மைத் திருப்பிப் போட்டான். சில்லையும் பூட்டினான். அது வேலை முறையல்ல. மூடிவிட வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

"அவனுக்கு எடு," என்றான்.

சுரேன் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தான், வண்டிச் சாவிக்குப் பக்கத்தில். நெடுநேரம் மணி அடித்தது. ஒரு கிழட்டுக் குரல் எடுத்தது. சேந்தன் நோர்வேஜிய மொழியில் கேட்டான்.

"இந்த வண்டி எதில் மோதியது?"

"எல்க்கில்."

"எல்க் பின்னல் பின்னி ரப்பர் போடுமா?"

மறுமுனையில் எங்கோ ஒரு நாய் குரைத்தது. கதவு சாத்தும் சத்தம். பிறகு அந்தக் குரல், நிதானமாக:

"எதன் மேலாவது ஏற்றினீர்களா?"

சேந்தன் தம்பியைப் பார்த்தான்.

"ஏற்றினோம்."

"ஒரு தடவையா?"

"இல்லை."

"முன்னுக்கும் பின்னுக்குமா?"

"ஓம்," என்று சேந்தன் தமிழில் சொன்னான். மொழி மாறியது அவனுக்கே தெரியவில்லை.

கிழவன் மூச்சை விட்டான்.

"அப்படியென்றால் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்."

போன் வெட்டுப்பட்டது.

சேந்தன் தன் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். முழு இருட்டு. சரிவில் மெல்லிய பனி, அதற்கடியில் கண்ணாடிபோல் உறைவு. பொலிசுக்கு அழுத்தினான். பெயரைச் சொன்னான், இடத்தைச் சொன்னான், வண்டியில் ஒரு பெண்ணின் தலைமயிர் இருக்கிறது என்றான். எல்லாவற்றையும் அப்படியே விடுங்கள், வருகிறோம் என்றார்கள்.

தெருவிளக்கின் கீழ் ஆள் தெரிந்தது. துஷ்யா. கம்பளித் தொப்பி, பொத்தான் பூட்டாத அங்கி, வயிற்றைத் தாங்கிய ஒரு கை. சறுக்காமல் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினாள்.

"அத்தான், எங்கை இவர்? போன் எடுக்கிறாரில்லை."

"அங்கையே நில் பிள்ளை. வராதை."

"ஏன், கராஜுக்கும் துடக்கோ, நான் வரப்படாதோ?" என்று சிரித்துக்கொண்டு இறங்கினாள்.

உள்ளே லிப்ட் இறங்கும் சத்தம் கேட்டது.

"சுரேன்! இறக்காதை!"

"அவள் இதைப் பாக்கக்கூடாது, அண்ணை!" சுரேன் லிப்ட்டின் கைகளைக் காலால் விலக்கிக்கொண்டிருந்தான். "நான் கொண்டுபோய் அவன்ரை வாசலிலையே விட்டிட்டு வாறன். இப்பவே."

கடைசிக் கை விலகியது.

வண்டி அசைந்தது.

எஞ்சின் ஓடவில்லை. சாவி மேசையில் கிடந்தது. வண்டி பின்பக்கமாக, கதவைத் தாண்டி, சரிவில் ஏறியது.

மேல்நோக்கி ஏறியது.

சுரேன் ஓடி வண்டிக் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தான். சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிறேக்கை மிதித்துவிட்டான். வண்டி நடுங்கியது. நிற்கவில்லை. தளர்ந்தது. தளரத் தளர அந்த அடி விரைந்தது. இப்போது அதைக் காலால் கேட்கத் தேவையில்லை. முற்றம் முழுவதும் கேட்டது.

துஷ்யா நின்ற இடத்திலேயே நின்றாள். சிவப்பு வெளிச்சம் அவள் வயிற்றில் விழுந்தது.

சேந்தன் பாய்ந்து அவளைத் தள்ளினான். அவள் பக்கவாட்டில் பனிக்குவியலில் விழுந்தாள். அவன் சறுக்கி மல்லாந்தான். வலது கால் நீண்டு கிடந்தது.

இடது பின்சில்லு அவன் கணுக்காலில் ஏறியது.

மெதுவாக ஏறியது. அவசரமே இல்லை. முதலில் சப்பாத்து. பிறகு தோல். பிறகு எலும்பு, ஈர விறகு முறிகிறதுபோல, ஒவ்வொன்றாக. டயர் ஆணிகள் சதைக்குள் இறங்குவதை அவன் தனித்தனியாக உணர்ந்தான். சில்லு ஏறி முடித்து மறுபக்கம் இறங்கியது.

நின்றது.

திரும்பி வந்தது.

"மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்!" சுரேன் அலறினான். "அண்ணை! நான் மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்! இது என்ரை காலைத் தள்ளுது!"

முன்னுக்கு. பின்னுக்கு. முன்னுக்கு. சேந்தன் கத்தினானா என்று அவனுக்குத் தெரியாது. பனி கறுப்பாக மாறியதைப் பார்த்தான். தன் சப்பாத்து தனியே உருண்டதையும், அது வெறுமையாக இல்லாததையும் பார்த்தான். எலுமிச்சை மணத்தது. காலின் மிச்சத்தின் மேல் சில்லு கடைசியாக வந்து நின்றபோது, ரப்பருக்குள்ளிருந்து அந்த அடி அவனுக்குள் இறங்கியது. படபடவென்று. பிறகு கொஞ்சம் மெதுவாக. பிறகு அவனுடைய நாடியும் அதுவும் ஒன்றாக அடித்தன.

அதற்குப் பிறகுதான் வண்டி ஓய்ந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். துஷ்யாவுக்கு விலாவில் கண்டல் காயம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. சேந்தன் கண் விழித்ததும் கேட்டது அதைத்தான்.

மேரின் என்ற பொலிஸ்காரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கரோலினாவைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றாள். அந்த வீட்டு முற்றத்தில், பிக்கப் மூன்று வருடமாக நின்ற இடத்துக்கு நேர் கீழே. அவள் போக வெளிக்கிட்டிருக்கிறாள். அவன் வண்டியால் முதல் தடவை இடித்து விழுத்தியிருக்கிறான். கிழவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"எத்தனை தடவை?" என்று சேந்தன் கேட்டான்.

மேரின் தொப்பியைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் மெதுவாகத்தான் வந்தானாம். அவளுக்கு வருவது தெரியவேண்டும் என்று."

மெதுவாக வர வர, என்று சேந்தன் நினைத்தான். நெஞ்சு விரைவாக அடித்திருக்கும்.

வண்டியைப் பொலிஸ் வைத்திருந்தது. பிறகு அதை நசுக்கிக் கட்டியாக்கினார்கள். சுரேன் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். "முடிஞ்சுது, அண்ணை," என்றான். சேந்தன் தலையாட்டினான்.

தை கடைசியில் பிள்ளை பிறந்தது. பெண். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வெஸ்ட்லியில் சுரேன் வீட்டுக்குப் பெரியப்பா வந்தேயாக வேண்டும் என்று துஷ்யா போனில் சொன்னாள்.

"இவர் உங்களைக் கூட்டிக்கொண்டு வர வருவார், அத்தான்."

"வேண்டாம். நான் ரயிலிலை வாறன். பழகத்தானே வேணும்."

சுரேன் இப்போது வண்டி ஓட்டுவதில்லை.

ஞாயிறு, பட்டப்பகல். கண் கூசும் வெயில், கரையாத பனி. சேந்தன் குரோருட்டில் ஏறினான். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்தான். மடியில் ஒரு சிறிய பெட்டி, அதில் பிள்ளைக்கு ஒரு சோடி வெள்ளிக் காப்பு. வலது பக்கம் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே மடித்துக் குத்தியிருந்தது. செயற்கைக் கால் இன்னும் வரவில்லை. எதிரே ஒரு பெண் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். ரயில் பெட்டியில் வேறு யாருமில்லை.

ரொம்சோஸ். சுரங்க நிலையம். ரயில் தளர்ந்தது.

வலது உள்ளங்காலில் ஏதோ தட்டியது.

அவன் கீழே பார்த்தான். அங்கே உள்ளங்கால் இல்லை. தரை இருந்தது. வெட்டிப்போன, இல்லாத காலில் நோவு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது நோவு அல்ல.

ஸ்டோவ்னரில் மறுபடி. ரயில் தளரத் தளர, இல்லாத பாதத்தை ஒன்று மேலே தள்ளியது, விட்டது, தள்ளியது. விரைந்துகொண்டே வந்தது. கதவு திறந்தது. எதிரே இருந்த பெண் இறங்கப்போனவள் நின்றாள்.

"உங்களுக்கும் எலுமிச்சை மணக்கிறதா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் இறங்கிவிட்டாள்.

வெஸ்ட்லி கடைசி நிலையம். மேடையில் சுரேன் நின்றான். கையில் குழந்தை, போர்வைக்குள் சின்ன முகம். கண்ணாடிக்கு வெளியே கையைத் தூக்கிக் காட்டினான்.

ரயில் நின்றது.

அது நிற்கவில்லை.

சேந்தன் ஊன்றுகோலை எடுத்தான். எழும்ப முடியவில்லை. இல்லாத காலின் மேல் பாரம் ஏறியிருந்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல். சுரேன் சிரித்துக்கொண்டு கண்ணாடிக்குக் கிட்ட வந்தான். வாய் அசைந்தது. இறங்கு அண்ணை.

இது கடைசி நிலையம். இங்கே தண்டவாளம் முடிகிறது. வந்த ரயில் திரும்பாது. வந்த வழியே பின்னுக்குத்தான் போகும்.

கதவுகள் மூடின.

"தள்ளி நில்!" சேந்தன் கண்ணாடியில் அடித்தான். "சுரேன்! பிள்ளையோடை தள்ளி நில்!"

சுரேனுக்குக் கேட்கவில்லை. குழந்தையின் குட்டிக் கையைப் பிடித்து, பெரியப்பாவுக்கு ஆட்டிக் காட்டினான்.

ரயில் பின்னுக்கு அசைந்தது.